முதலில் தண்ணீர், பிறகு மீன்



இம்மாதம் நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு உங்களுள் சிலர் புன்னகை செய்யக்கூடும். பிள்ளை வளர்ப்பையும் கல்வியையும் குடும்ப நடைமுறைகளையும் பேசிவரும் இப்பக்கத்தில் கண்ணாடித் தொட்டி மீனுக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். ஆயினும், உள்ளங்கைக்குள் அடங்கும் மீன்கள் நான்கு எனக்கு ஒரு பாடம் சொல்லிச் சென்றன. பல்லாண்டுகளாய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவனுக்கு அப்பாடம் மிகவும் தேவையாயிருந்தது. அதனை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை எனக் கருதுகிறேன்.

நான்கு மீன்கள், ஆறு நாள்கள்

என் இளைய மகள் ஆறாம் வகுப்பை முடித்த கோடை அது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் மீன் தொட்டி வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தேன். அவள் தன் பங்கை நிறைவேற்றிவிட்டாள். என் பங்கு எஞ்சி நின்றது. ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவளை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்றேன்.

கடையில் எத்தனையோ வண்ண மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் விழிகளோ ஒரு தொட்டியிலேயே நிலைகொண்டன. வெள்ளித் தகட்டை வட்டமாக வெட்டி வைத்தாற்போன்ற உடல். அதன் மீது மைக்கோலால் இழுத்தாற்போல் செங்குத்தான கருங்கோடுகள். மேலும் கீழும் பாய்மரம்போல் விரிந்த துடுப்புகள். மற்ற மீன்கள் ஓட, இவை மட்டும் மிதந்து நடந்தன. 'ஏஞ்சல்' என்று பெயர் சொன்னார் கடைக்காரர்.

"வாப்பா, ஏஞ்சல் என்றால் மலக்கு அல்லவா? மீனுக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டாள் மகள்.

"துடுப்பு சிறகுபோல் இருப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயர், கண்ணும்மா" என்றேன். அன்று மீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவே!

ஒன்றரை அடி நீளமுள்ள தொட்டி, வடிகட்டி, வண்ணக் கூழாங்கற்கள், நெகிழிச் செடிகள், ரூபாய் நாணய அளவில் நான்கு ஏஞ்சல்கள். "தண்ணீரை ஊற்றி இன்றைக்கே விட்டுவிடலாம்" என்று கடையில் சொன்னார்கள். அவ்வாறே செய்தோம்.

மூன்று நாள்கள் இல்லம் திருவிழாக் கண்டது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்தனர். வந்தவர் எல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டனர். நான்காம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீராய்க் கலங்கியது. ஐந்தாம் நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அழுக்கினால் வந்த கேடு என்று முடிவு செய்தேன். நானும் என் துணைவியாருமாய் அத்தனையையும் வெளியே எடுத்தோம். கற்களைத் தேய்த்தோம், வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, வெண்மை தெரியும்வரை பிழிந்தோம், தொட்டியைத் துடைத்துப் புதிய குழாய் நீர் நிரப்பினோம். தொட்டி கண்ணாடிபோல் பளபளத்தது. மனம் நிறைந்து உறங்கச் சென்றோம்.

பஜ்ருக்கு எழுந்தபோது இரண்டு மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. அன்று மாலைக்குள் மற்ற இரண்டும் போயின.

மகள் அழவில்லை. அதுதான் என்னை வருத்தியது. தொட்டியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தவள், "நான் தீனி அதிகம் போட்டதால்தானே வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். சிறுவர் அபூ உமைர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, அச்சிறுவரின் துயரை அறிந்து அன்போடு விசாரித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் செய்தியை எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருப்பேன்! என் சொந்தப் பிள்ளையின் துயருக்கு முன் நாவெழாமல் நின்றேன். காரணமே தெரியாதவன் ஆறுதலை எங்ஙனம் சொல்வான்?

கொளத்தூரிலிருந்து வந்த விடை

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் பண்ணை ஒன்றில் பணிபுரிகிறார். கொளத்தூரைப் பற்றி அறியாதவர்க்கு ஒரு சொல்: சென்னை மாநகரின் வடமேற்கில் உள்ள அப்பகுதி, பல பத்தாண்டுகளாய் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்றது. கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டிகளிலேயே மீனைப் பெருக்கிப் பிழைப்பு நடத்திய குடும்பங்கள் அங்கு பல.

அவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் அமைதியாய் இருந்துவிட்டு, "ஹஜ்ரத், பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா?" என்று கேட்டார்.

"ஆம், நன்றாகவே கழுவினேன்."

"அந்தப் பஞ்சில்தான் ஹஜ்ரத் மீன்களின் உயிர் இருந்தது. நீங்கள் மீனை வாங்கினீர்கள், தண்ணீரை ஆயத்தப்படுத்தவில்லை. தண்ணீர் வளர்ந்த பிறகுதான் மீனை விட வேண்டும்."

தண்ணீர் வளர்வதா? அது என்ன வளர்ச்சி? அன்று முதல் அவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நான் அறிந்ததைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீன் உண்ட உணவின் கழிவுப்பொருள் அம்மோனியா. அதில் பெரும்பகுதியை மீன் செவுள்களின் வழியே, மூச்சுவிடும்போதே வெளியேற்றுகிறது. எஞ்சிய தீனி அழுகினாலும் பிறப்பது அம்மோனியாவே. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து பரந்து போய்விடும். முப்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மீனைச் சுற்றியே சேரும், செவுளை அரிக்கும். மூச்சுக்காற்றே நஞ்சாகும் அறையில் பூட்டப்பட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை உண்டு நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, குருதி உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றலை அது குலைத்துவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட், அளவோடு இருந்தால் மீனுக்குப் பெருந்தீங்கு செய்யாது; செடிகளுக்கு அது உரம். இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்யும் நுண்ணுயிர்களும் உண்டென்று 2015 ஆம் ஆண்டில் அறிவியலாளர் கண்டறிந்தனர்.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட, கல்லிலும் மணலிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. பஞ்சினூடே நீர் ஓயாது பாய்வதால் உணவும் உயிர்வளியும் அங்கே தடையின்றிக் கிடைக்கின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டி ஒன்றில் அவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இப்பொழுது என் செயலை எண்ணிப் பாருங்கள். துப்புரவாளர் எவரும் குடியேறாத தொட்டியில் நான்கு மீன்களை விட்டேன். ஐந்து நாள்களில் சிறிதளவேனும் முளைவிட்டிருந்த நுண்ணுயிர்களையும் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவிக் கொன்றேன். பின்னர், கிருமிகளைக் கொல்லவென்றே குளோரின் கலக்கப்பட்ட அதே நீரை, ஏற்கெனவே புண்பட்டிருந்த செவுள்களின் மீது ஊற்றினேன். என் கண்ணுக்குத் துப்புரவாய்த் தெரிந்தது, மீனுக்கு முடிவாயிற்று.

ஒரு தந்தையும் ஒரு மகனும்

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி. இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, செடிக்கு மீனும் மீனுக்குச் செடியும் துணையாவதைக் கவனித்தார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன, அவற்றை உண்ண நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. 1850 இல் இச்செய்தியை அறிஞர் அவையில் வெளியிட்டார். இல்லத்தில் மீன் தொட்டி வைக்கும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1853 இல், இலண்டன் விலங்குக் காட்சியகம் பொதுமக்கள் பார்வைக்கு மீன் இல்லம் ஒன்றைத் திறந்தது.

வாரிங்டனின் மகனுக்கும் இராபர்ட் என்றே பெயர். அவர் வேளாண் வேதியியல் கற்று, இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தார். அம்மோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறுவது இரு படிகளில், இருவேறு நுண்ணுயிர்களால் நடப்பது என்று சோதனைகளால் காட்டியவர் அவரே. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1890 ஆம் ஆண்டளவில் ருஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினொகிராட்ஸ்கி அதனைச் செய்தார்.

தந்தை தொட்டியில் கண்ட தெளிவுக்குள் ஒளிந்திருந்த உண்மையை, மகன் வயல் மண்ணில் கண்டார்! தந்தைக்குத் தெரியாததைப் பிள்ளை அறிவது தந்தைக்கு இழுக்கன்று, பெருமையே. தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே இழுக்கு.

இதனைப் படித்த இரவே மகளை அருகழைத்தேன். "கண்ணும்மா, நீ போட்ட தீனியால் மட்டும் அவை இறக்கவில்லை. மீனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறியாமல் வாங்கியவன் நான். பஞ்சைக் கழுவியவனும் நான். தவறு வாப்பாவுடையது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்தபின், "மறுபடியும் சரியாகச் செய்து பார்க்கலாமா வாப்பா?" என்று கேட்டாள்.

மீனில்லாத் தொட்டி

சரியாகச் செய்வதென்றால், முதலில் தொட்டியே பெரிதாக வேண்டும். ஏஞ்சல் மீன் நாணய அளவில் நின்றுவிடுவதன்று. வளர்ந்தால் உடல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம் பெறும். துடுப்பு நுனியிலிருந்து நுனிவரை உயரம் 20 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடும். நன்கு பேணினால் பத்தாண்டுகள் வாழக்கூடியது. ஆகவே தொட்டிக்கு நீளத்தோடு உயரமும் வேண்டும். நாங்கள் மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியைச் செய்வித்தோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். எங்கள் தொட்டி ஏறத்தாழ 150 லிட்டர். நீரின் எடையே 150 கிலோ! எனவே உறுதியான, சமமான மேடை தேவை. தொட்டியின் அடியில் தெர்மோகோல் அட்டை விரிக்க வேண்டும். நேர் வெயில் விழும் சன்னலோரம் ஆகாது, பாசி படர்ந்துவிடும்.

பிறகு காத்திருப்பு தொடங்கியது. வடிகட்டி ஓடியது, செடிகள் நின்றன, மீன் மட்டும் இல்லை. நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனியை மகள் போட்டாள். அது அழுகி அம்மோனியாவாகி நுண்ணுயிர்களுக்கு உணவாயிற்று. "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா? மின்சாரத்துக்குப் பிடித்த கேடா?" என்று உறவினர் நகைத்தனர். மகளின் உம்மம்மா மட்டும், "மாவு புளிக்கும்வரை தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாரா?" என்று பேத்திக்குத் துணை நின்றார்.

கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளைக் கொண்டு வாரம் இருமுறை நீரைச் சோதித்து ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். முதலில் அம்மோனியா ஏறியது. மூன்றாம் வாரம் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. ஆறாம் வாரம் இரண்டும் சுழியம். நைட்ரேட் மட்டும் எஞ்சியது. "வாப்பா, தண்ணீர் வளர்ந்துவிட்டது!" என்று அவள் கூவிய குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது. நோயற்ற பழைய தொட்டி ஒன்றின் பஞ்சைப் புதுத் தொட்டியில் வைத்தால் இக்காலம் குறையும். மாவில் சிறிது புளித்த மாவைச் சேர்ப்பது போன்றதே அது.

ஏஞ்சலின் தாயகமும் தேவைகளும்

ஏஞ்சல் மீன் தென்னமெரிக்காவுக்கு உரியது. அமேசான் ஆற்றுப் படுகையிலும் அதனை அடுத்த நாடுகளின் ஆறுகளிலும், ஓட்டம் குறைந்த நீரில், வேர்களும் செடிகளும் அடர்ந்த இடங்களில் வாழ்கிறது. தட்டையான உடல் செடிகளின் இடையே நுழைந்து செல்ல உதவுகிறது. கருங்கோடுகள் தண்டுகளின் நிழலோடு கலந்து மறைவு தருகின்றன. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் டெரோஃபில்லம் ஸ்கேலரே. சிறகு, இலை என்னும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது முதற்பெயர். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. கேரளத்தார் போற்றும் கரிமீனும், நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் இதற்கு உறவினரே!

இங்கே விற்கப்படுபவை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணைகளில் பிறந்தவை. ஆதலின் நம் நீருக்கு ஓரளவு பழகியவை. ஆயினும் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உள:

வெப்பம் 24 முதல் 30 பாகை செல்சியஸ்வரை ஏற்கும். நம் சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி சூடேற்றி தேவைப்படாது. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் கட்டாயம் தேவை.

நீரின் காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் கொடுமையும் கூடும். பி.எச். அளவு 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. அதே வெப்பத்தில் 8 உள்ள நீரில் ஏறத்தாழ ஐந்து பங்கு நஞ்சாக நிற்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமாகவும் காரமாகவும் இருக்கிறது. அத்தகைய நீரைப் பயன்படுத்துவோர் இரட்டிப்பு விழிப்போடு இருத்தல் வேண்டும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுக. முழுவதையும் மாற்றுதல் ஒருபோதும் கூடாது. குழாய் நீராயின் ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்துக் குளோரின் நீங்கிய பின் ஊற்றுக. அல்லது அதற்குரிய குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்றுக.

பஞ்சை அடைப்பு நேரும்போது மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுக. சவர்க்காரம் தொட்ட கையும் பாத்திரமும் தொட்டியின் அருகே வரலாகாது.

நாளொன்றுக்கு இருவேளை, இரண்டு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும். வாரத்தில் ஒருநாள் தீனி இல்லாவிடினும் மீனுக்குக் கேடில்லை. சாக்கடையிலிருந்து எடுக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் நோயைக் கொணரக்கூடும், தவிர்ப்பது நன்று.

தோழமை அறிந்து சேர்க்க வேண்டும். டைகர் பார்ப் என்னும் வரிமீன்கள் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறும். நியான் டெட்ரா போன்ற சின்னஞ்சிறு மீன்களையோ, வளர்ந்த ஏஞ்சல் இரையாக்கிக்கொள்ளும். பெயர் ஏஞ்சலாயினும் அதற்கும் வயிறு உண்டு!

புதிய மீனை நெகிழிப்பையோடு கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து பழக்கிய பின் விடுக. தொட்டிக்குள் கை வைக்குமுன் மின் இணைப்புகளை அணைத்துவிடுக. பிள்ளைகளுக்கும் இதனை முதற்பாடமாகச் சொல்லிவைப்பீர்.

மின்சாரம் நின்ற இரவு

எங்கள் தொட்டியில் ஐந்து இளம் ஏஞ்சல்கள் குடியேறின. சில மாதங்கள் சென்றபின் ஒருநாள் இரவு மழையில் மின்சாரம் போயிற்று. வடிகட்டி நின்றால் நீரோட்டம் நிற்கும். ஓட்டம் நின்ற பஞ்சில் உயிர்வளி தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். சில மணி நேரம் தாங்கும், நெடுநேரம் தாங்காது. மகள் உறங்க மறுத்துவிட்டாள். வடிகட்டியிலிருந்து பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்கவிட்டோம். ஒரு குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினோம். விழும் நீர் காற்றைத் தன்னுடன் இழுத்துச் செல்லும். தாயும் மகளும் நானும் முறை வைத்து, மின்சாரம் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். மறுநாள் மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கிவைத்தேன். மீன் வளர்ப்போர் இல்லத்தில் அது இருத்தல் நலம்.

இலையில் ஒரு குடும்பம்

ஓராண்டு நெருங்கும்போது, இரண்டு மீன்கள் இணைசேர்ந்து தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு, மற்றவற்றைத் துரத்தின. ஏஞ்சல் இணைகளின் இயல்பு அது. எஞ்சிய மூன்றையும் என் மைத்துனர் இல்லத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். சில நாள்களில், அகன்ற இலை ஒன்றை இரு மீன்களும் வாயால் துடைக்கக் கண்டோம். அன்று மாலையே அதன்மேல் வரிசை வரிசையாய் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒருமுறையில் நூற்றுக்கணக்கில் இடும். தாயும் தந்தையும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டைகளைப் பொறுக்கி அகற்றின.

மறுநாள் காலை இலை வெறுமையாய் இருந்தது. பெற்றோரே தின்றுவிட்டிருந்தன! மகள் திகைத்தாள். கொளத்தூர் மாணவரோ, "இளம் இணைகள் முதலில் அப்படித்தான் செய்யும் ஹஜ்ரத். அருகில் ஆள் நடமாட்டம் இருந்தாலும் அஞ்சித் தின்றுவிடும். பழகட்டும்" என்றார். இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறை தொட்டியின் மூன்று பக்கமும் தாள் ஒட்டி, பிள்ளைகளின் ஆரவாரத்தைத் தடுத்து வைத்தோம். இரண்டு நாள்களுக்குப் பின் முட்டைகள் பொரிந்தன. வாலாட்டும் நூலிழைகளாய்க் குஞ்சுகள் இலையிலேயே ஒட்டிக்கிடந்தன. நழுவி விழுந்தவற்றைப் பெற்றோர் வாயால் கவ்வி மீண்டும் இலையில் ஒட்டவைத்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை நீந்தத் தொடங்க, தாய் முன்னும் தந்தை பின்னுமாய்ச் சிறு மேகம்போல் தொட்டியில் உலா வந்தன. பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை உணவாகக் கொடுத்தோம். நூற்றுக்கணக்கில் பிறந்தவற்றுள் பதினொன்று பிழைத்தன.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மீன் சலித்துவிட்டால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரக்கம் என்று எண்ணிச் செய்யும் தீங்கு அது. தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் சக்கர் மீன், இப்படி வெளியேறிக் கேரளத்திலும் தமிழகத்திலும் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் தொல்லையாகிவிட்டது. வேண்டாத மீனை வளர்ப்போரிடமோ கடையிலோ ஒப்படையுங்கள்.

அன்புடையீர்! காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடும். கூண்டுக் கிளிகூடத் தன் பசியைக் கூவிச் சொல்லும். தொட்டி மீனுக்குக் குரல் இல்லை. வெளியேற வழியும் இல்லை. அதன் உணவும் காற்றும் தண்ணீரும் நம் கையில். அறியாமல் காட்டும் அன்பு எத்துணை ஆழமாயினும் அதனைக் காக்காது என்பதை நான்கு மீன்களைப் புதைத்த பிறகே கற்றேன். உங்களுக்கு அந்த இழப்பு நேர வேண்டாம்.

சென்ற வாரம் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் குஞ்சுகளைக் கண்டு மயங்கி, "எனக்கு இரண்டு தருவாயா அக்கா?" என்று கேட்டான். தந்துவிடுவாள் என்றே எண்ணினேன். என் மகளோ உள்ளே சென்று, பழைய பஞ்சில் ஒரு துண்டைத் தொட்டி நீரோடு பையில் கட்டிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "இதை உன் தொட்டியின் வடிகட்டியில் போட்டு ஓடவிடு. நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டுவா. துளி மருந்தோடு நான் வந்து சோதிக்கிறேன். தண்ணீர் வளர்ந்த அன்று மீன் தருகிறேன்" என்றாள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.